தவ்பாச் செய்தவனுக்கு வேலி வேண்டாமா?

"என் மகன் பத்து வருடமாகக் குடித்தான். அல்லாஹ்வின் கிருபையால் விட்டு இரண்டு மாதமாகிறது. ஆனால் இப்போது என் தங்கை மகளின் நிகாஹுக்கு வரமாட்டேன் என்கிறான். பழைய சிநேகிதர்கள் ஸலாம் சொன்னால் பதில் சொல்லிவிட்டு நிற்காமல் போய்விடுகிறான். செல்போன் எண்ணையே மாற்றிவிட்டான். 'குடித்த காலத்தில்கூட உறவோடு ஒட்டியிருந்தான், விட்ட பிறகல்லவா வெட்டிக்கொண்டான்' என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். இரத்த பந்தத்தை முறிப்பது பெரும்பாவமல்லவா? நான் அவனைக் கட்டாயப்படுத்தி அழைத்துப் போகலாமா?"

நம் திருவண்ணாமலையைச் சேர்ந்த தந்தையார் ஒருவர் இவ்வாறு வினவியுள்ளார். பெயரும் தெருவும் இங்கே வேண்டாம். இதே கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் கேட்கும் வீடுகள் எத்தனையோ உண்டென்பதை நாம் அறிவோம். ஆகவே இதற்கு இரண்டு வரியில் ஃபத்வா எழுதி அனுப்புவதைவிட, சற்று விரிவாகவே ஆராய்வது நலமெனக் கருதினோம்.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுவோம். நம் கல்யாணப் பந்தியில் மது இல்லைதான், அல்ஹம்து லில்லாஹ். ஆனால் முந்தின நாள் இரவு மாப்பிள்ளைத் தோழர்களுக்கென்று லாட்ஜில் எடுக்கப்படும் அறையில் என்ன நடக்கிறது என்பது பெரியவர்களுக்குத் தெரியாததன்று. தெரிந்தும் தெரியாததுபோல் ஹஸ்ரத்தை அழைத்து ஃபாத்திஹா ஓதச் சொல்கிறோம். அந்த இளைஞன் பயப்படுவது நிகாஹ் மஜ்லிஸைக் கண்டன்று; அந்த அறையைக் கண்டு. பத்து வருடம் அவனோடு அமர்ந்து குடித்த மச்சான்மார் அங்கே இருப்பார்கள். "இன்றைக்கு ஒரு நாள் மட்டும்" என்று ஒருவன் தோளில் கை போடுவான். இரண்டு மாதத்துத் தவ்பா அந்தக் கையின் பாரத்தைத் தாங்குமா என்பதுதான் கேள்வி.

உறவைப் பேணுதல் வாஜிபென்பதில் ஐயமில்லை. ஆனால் உறவைப் பேணுதல் என்பது ஒரே ஓர் உருவம் கொண்டதன்று. ஸலாம் சொல்லி அனுப்புவதும், துஆச் செய்வதும், அன்பளிப்பு அனுப்புவதும், நோயில் விசாரிப்பதும், கடனில் கைகொடுப்பதும் எல்லாம் உறவைப் பேணுதலே. விருந்தழைப்பை ஏற்பதை வலியுறுத்தும் ஃபிக்ஹுக் கிதாபுகளே, அங்கே மார்க்கம் வெறுத்த காரியம் நடக்குமாயின் அந்தக் கடமை நீங்கிவிடுகிறது என்கின்றன. மது பரிமாறப்படும் விரிப்பில் அமரவேண்டாமென்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி ஹதீஸ் கிதாபுகளில் உள்ளது. குடிக்கவேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை, அமரவே வேண்டாமென்றார்கள். மேலும் ஒரு நன்மையைத் தேடுவதும் ஒரு தீங்கைத் தடுப்பதும் மோதிக்கொள்ளும்போது தீங்கைத் தடுப்பதையே முற்படுத்தவேண்டும் என்பது உஸூல் கலையின் அடிப்படை விதிகளில் ஒன்று.

ஆகவே அந்தத் தந்தையாருக்கு நம் பதில் இதுதான்: கட்டாயப்படுத்தாதீர்கள். அவன் சார்பில் அன்பளிப்பை நீங்களே கொடுங்கள். மணமகளின் தகப்பனாரிடம், "வர இயலவில்லை, துஆச் செய்கிறான்" என்று சொல்லுங்கள். அதற்குமேல் விளக்கம் யாருக்கும் கடமையில்லை. மனம் மிகவும் நோகுமென்றால், நிகாஹ் நேரத்துக்கு மட்டும் உங்கள் பக்கத்திலேயே அமரவைத்து, பெரியவர்களோடு சாப்பிடவைத்து, ளுஹருக்குள் வீட்டுக்கு அழைத்து வந்துவிடுங்கள். அதுவும் அவன் சம்மதித்தால்தான்.

கேள்வி இத்துடன் முடிந்துவிடவில்லை. இதன் வேர் ஆழமானது. "உள்ளத்தில் உண்மையான தவ்பா இருந்தால் எங்கே போனால் என்ன? கடைவாசலில் நின்றாலும் குடிக்கமாட்டானே. விலகி ஓடுகிறவன் ஈமானில் பலவீனன் அல்லவா?" என்று நன்றாக ஓதியவர்களே கேட்கிறார்கள். கேட்பதற்குக் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் மார்க்கம் இப்படிப் பேசவில்லை.

தொண்ணூற்றொன்பது உயிர்களைக் கொன்ற மனிதனின் வரலாறு புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. பயானில் நாம் அனைவரும் கேட்டதே. அவன் முதலில் ஒரு துறவியிடம் போய்த் தனக்கு மன்னிப்புண்டா என்று கேட்டான். இல்லை என்று அவர் சொன்னதும் அவரையும் கொன்று நூறாக்கினான். பிறகு ஓர் ஆலிமிடம் அனுப்பப்பட்டான். உனக்கும் தவ்பாவுக்கும் நடுவே யார் குறுக்கே நிற்க முடியும் என்ற கருத்தில் அவர் பேசினார். பயான்களில் பெரும்பாலும் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டு அல்லாஹ்வின் ரஹ்மத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறோம். ஆனால் அந்த ஆலிம் அத்துடன் நிறுத்தவில்லை. இன்ன ஊருக்குப் போ, அங்கே அல்லாஹ்வை வணங்கும் மக்கள் இருக்கிறார்கள், அவர்களோடு சேர்ந்து வணங்கு. உன் ஊருக்குத் திரும்பாதே, அது கெட்ட ஊர் என்றார். தவ்பாவின் வாசலைத் திறந்த அதே மூச்சில் பழைய ஊரின் வாசலை அடைத்தார். அவன் வழியிலேயே மௌத்தானான். நல்ல ஊருக்கு ஒரு சாண் நெருக்கமாயிருந்தான் என்பதால் ரஹ்மத்துடைய மலக்குகள் அவனை ஏற்றுக்கொண்டார்கள். அவன் அந்த ஊரில் போய் ஒரு ரக்அத்தும் தொழவில்லை. விலகி நடந்த நடை மட்டுமே அவன் கணக்கில் இருந்தது.

யூஸுஃப் (அலை) அவர்களின் சரிதையும் இத்தகையதே. கதவுகள் அடைக்கப்பட்ட அறையில் அவர்கள் நின்று வாதம் செய்துகொண்டிருக்கவில்லை. வாசலை நோக்கி ஓடினார்கள் என்று திருமறை கூறுகிறது. பின்னர், அழைக்கப்படும் காரியத்தைவிடச் சிறைச்சாலையே தமக்கு விருப்பமானதென்று இறைஞ்சினார்கள். ஒரு நபியின் ஈமானைவிட நம் வீட்டுப் பிள்ளையின் ஈமான் உறுதியானதா?

இந்த இடத்தில் நாம் நெடுநாளாய்ச் சிந்தித்துவரும் ஒரு செய்தியைச் சொல்லவேண்டும். அப்துல் கைஸ் கூட்டத்தார் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தபோது, மதுவை மட்டுமின்றிச் சில பாத்திரங்களையும் அவர்கள் தடுத்தார்கள். சுரைக்குடுக்கை, பச்சை மெருகிட்ட சாடி, பேரீச்சமரத்தின் அடித்தண்டைக் குடைந்து செய்த தொட்டி, கீல் பூசிய பானை ஆகிய நான்கும் அவை. பாத்திரத்தில் என்ன பாவம் இருக்கிறது? மண்ணும் மரமும் என்ன செய்தன? அறிஞர்கள் கூறும் விளக்கம் யாதெனில், அவற்றில் ஊறவைக்கும் பானம் விரைவில் போதையேறிவிடும். குடிப்பவனுக்கே தெரியாமல் எல்லை கடந்துவிடும். மதுப்பழக்கமோ அந்த மக்களின் நாவில் இன்னும் ஈரமாயிருந்தது. எனவே பொருளை மட்டுமன்று, பொருளை நினைவூட்டும் பாண்டத்தையும் அகற்றினார்கள்.

பிற்காலத்தில் நாயகம் (ஸல்) அவர்களே அந்தத் தடையை நீக்கினார்கள். எந்தப் பாத்திரத்திலும் அருந்தலாம், போதை தருவதை மட்டும் அருந்தவேண்டாம் என்ற கருத்துப்பட புரைதா (ரலி) அவர்கள் வாயிலாக முஸ்லிமில் ஹதீஸ் வருகிறது. பெரும்பான்மை அறிஞர்கள் இதைக் கொண்டே முந்தின தடை மாற்றப்பட்டதென்பர்.

இதில் இரண்டு பாடங்களை நாம் காண்கிறோம். விட்ட புதிதில் இடும் வேலி, நிரந்தரச் சட்டத்தைவிடக் கடுமையாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஹலாலான பாத்திரமே சில காலம் விலக்கப்பட்டதென்றால், ஹலாலான சிநேகமும் ஹலாலான விருந்தும் சில காலம் விலக்கப்படுவதில் வியப்பென்ன? அதேபோல் அந்த வேலி என்றென்றைக்கும் உரியதன்று. மச்சான்மாரை மகன் வெட்டிவிட்டான் என்று யாரும் அழவேண்டாம். சாடியைக் கொஞ்ச காலத்துக்குக் கொல்லையில் வைத்திருக்கிறான், அவ்வளவே. எவ்வளவு காலமென்று கேட்டால், முதல் மூன்று மாதங்கள் மிகவும் வழுக்கலானவை என்றும், ஓராண்டாவது கவனம் வேண்டுமென்றும் இத்துறை வைத்தியர்கள் சொல்வார்கள்.

நம் ஊரிலேயே இதற்கோர் உதாரணம் கண்முன் இருக்கிறது. கார்த்திகை மாதம் பிறந்துவிட்டால் அண்டைவீட்டு இந்துச் சகோதரர்கள் பலர் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொள்கிறார்கள். நேற்றுவரை கடைக்கு அழைத்த கூட்டாளி, கழுத்தில் மாலையைக் கண்டதும் "சாமி" என்று ஒதுங்கிப்போகிறான். ஒருவனும் கேலி செய்வதில்லை, வற்புறுத்துவதில்லை. ஊரே அவருக்கு வேலியாகிவிடுகிறது. மாலை கழன்ற மறுநாள் சிலர் பழைய இடத்துக்கே போய்விடுவது வேறு கதை. நம்மிலும் ரமளானில் முப்பது நாள் தொடாதவன் ஷவ்வால் பிறை கண்ட இரவில் விழுவதில்லையா? நாம் சொல்லவருவது அந்த மரியாதையைப் பற்றி. தவ்பாச் செய்தவனின் கழுத்தில் மாலை இல்லை. அடையாளமின்றி, தன்னந்தனியாக, ஒவ்வொரு அழைப்பையும் அவனே மறுக்கவேண்டியிருக்கிறது. மறுத்தால் கர்வம் என்கிறோம்.

கார்த்திகைத் தீபத்தையொட்டிக் கிரிவலப் பாதைப் பக்கத்து மதுக்கடைகளைச் சில நாட்கள் மூடும்படி மாவட்ட நிர்வாகம் உத்தரவிடுவது வழக்கம். இலட்சக்கணக்கான மக்கள் கூடும் ஊருக்கே வேலி தேவைப்படுகிறது, தனியொருவனுக்குத் தேவைப்படாதா? ஆனால் அரசாங்கம் போடும் வேலியை நம்பி ஒரு குடும்பம் வாழமுடியாதென்பதை நம் மாகாணத்தின் சரித்திரமே சொல்லும். 1937-ல் இராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார்; 1948-ல் மாகாணம் முழுவதும் பரவியது; 1971-ல் தளர்த்தப்பட்டது; 1974-ல் திரும்பவந்தது; 1981-ல் மறுபடி தளர்ந்தது. 2003 முதல் சில்லறை விற்பனையையே அரசின் டாஸ்மாக் நிறுவனம் நடத்துகிறது. 2016, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் ஒவ்வொரு தடவையும் 500 கடைகள் மூடப்பட்டன. மீதிக் கடைகள் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு அடைக்கின்றன.

அந்தப் பத்து மணி நேரத்தைக் கடப்பதுதான் நம் சகோதரனின் ஜிஹாது. அதிலும் அஸருக்குப் பின் வேலை முடிந்து, கையில் கூலியும் உடலில் களைப்புமாகத் திரும்பும் நேரம் கொடியது. கடையிருக்கும் தெருவைத் தவிர்த்துச் சுற்றுவழியாக வீட்டுக்கு வரட்டும். சட்டைப்பையில் பஸ் கட்டணத்துக்கு மேல் வைக்கவேண்டாம். இப்போது செல்போனிலேயே பணம் போய்விடுகிறது; அவன் சம்மதத்துடன் சில மாதம் கணக்கைத் தகப்பனாரோ மனைவியோ வைத்துக்கொள்ளலாம். மஃரிபுக்குப் பள்ளிவாசலுக்கு வந்தால் இஷாவரை அங்கேயே இருக்கட்டும். இமாமும் முஅத்தினும் அவனிடம் பேச்சுக்கொடுத்துக்கொண்டிருந்தால் அதுவே பெரிய வைத்தியம்.

வைத்தியம் என்றதும் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டியிருக்கிறது. குடி பாவமா, நோயா என்று சிலர் பட்டிமன்றம் நடத்துகிறார்கள். தொடங்கியது பாவம், தொடர்ந்ததால் உடலில் வேரூன்றியது நோய். பாவத்துக்குத் தவ்பா, நோய்க்கு மருந்து. ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது. பல வருடம் தினமும் மிகுதியாகக் குடித்தவன் ஒரே நாளில் நிறுத்தினால் கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் இல்லாத உருவங்களைக் கண்டு பிதற்றும் சித்தப்பிரமை வரலாம். உயிரே போய்விடவும் கூடும். இதைப் பார்த்துவிட்டு ஜின் பிடித்துவிட்டதென்று தாயத்துக்கு ஓடுகிறவர்களை நாம் கண்டிருக்கிறோம். ஓதிப் பார்க்க வேண்டாமென்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து ஓதுங்கள்.

திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. போதைப் பழக்கத்திலிருந்து மீள விரும்புவோருக்காக 14446 என்ற எண்ணும், மனச்சோர்வுக்காக 14416 என்ற எண்ணும் கட்டணமின்றிச் செயல்படுகின்றன. சென்னையில் 1980-ல், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடிப்பவருக்கு மட்டுமன்றிக் குடும்பத்தாருக்கும் சிகிச்சை வேண்டுமென்பதை நம் நாட்டில் நிலைநாட்டிய நிறுவனங்களில் முன்னோடி.

"அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், ஒரே வாரத்தில் விட்டுவிடுவார்" என்னும் விளம்பரங்களை நம்பும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. அத்தகைய பொடிகளில் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? குடிப்பதைத் தடுக்க வைத்தியர் தரும் டைசல்பிரம் என்னும் மாத்திரை உண்டு. அதைத் தின்றது தெரியாமல் ஒருவன் குடித்துவிட்டால் இரத்த அழுத்தம் சரிந்து, வாந்தியெடுத்து, நெஞ்சடைத்துப்போகும் அபாயம் இருக்கிறது. அது அவனறிந்து, அவன் ஒப்பி, வைத்தியர் மேற்பார்வையில் உண்ணவேண்டியது. வஞ்சனையால் ஒருவனைத் திருத்த மார்க்கத்திலும் இடமில்லை.

மகனை நாற்பது நாள் ஜமாஅத்தில் அனுப்பிவிட்டால் சரியாகிவிடுமென்று எண்ணும் வீடுகளும் உண்டு. கெட்ட ஊரைவிட்டு நல்ல ஊருக்குப் போவதென்பது மேலே சொன்ன ஹதீஸின் வழிதான். பலன் கண்டவர்களும் இருக்கிறார்கள். ஆனால் உடல் நடுங்கும் நிலையில் அனுப்பாதீர்கள். வழியில் வலிப்பு வந்தால் உடன்போன அப்பாவிகள் என்ன செய்வார்கள்? முதலில் ஆஸ்பத்திரி, பிறகு ஜமாஅத். இன்னொன்று, நாற்பத்தோராம் நாள் அவன் அதே தெருவுக்கு, அதே சிநேகிதர்களிடம் வந்து இறங்குகிறான். அந்த நாளுக்கென்று ஏற்பாடு செய்யாமல் நாற்பது நாளுக்கு மட்டும் ஏற்பாடு செய்வது அரைவேலை.

இனி மனத்தின் நிலையைப் பார்ப்போம். குடியை விட்டவன் சந்தோஷமாயிருப்பான் என்று வீட்டார் எதிர்பார்க்கிறார்கள். நடப்பது வேறு. தூக்கம் வராது. காரணமின்றி எரிச்சல் வரும். பத்து வருடம் போதையில் மறந்திருந்த கடனும், இழந்த தொழிலும், தாயின் கண்ணீரும் ஒரே நேரத்தில் கண்முன் வந்து நிற்கும். "விட்டும் ஏன் இப்படி முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய்? உனக்கு ஈமான் இல்லை" என்று நாமும் ஏறி மிதித்தால் அவன் எங்கே போவான்? கி.பி. 1095-ல் பக்தாதின் நிஜாமிய்யாவில் ஆசிரியராயிருந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களுக்கே மனநெருக்கடியால் நாவெழாமல் பாடம் நடத்த முடியாமற் போயிற்று; உணவு இறங்கவில்லை. வைத்தியர்கள் நோய் உள்ளத்தில் இருக்கிறதென்று கூறிக் கைவிரித்ததை இமாமவர்களே எழுதியிருக்கிறார்கள். ஹுஜ்ஜத்துல் இஸ்லாமுக்கு ஈமான் குறைவு என்று யார் சொல்வார்? பின்னர் அவர்கள் இஹ்யாவில் தனித்திருத்தலுக்கென்றே ஒரு பகுதி வகுத்து, மக்களோடு கலந்திருப்பதன் நன்மைகளையும் விலகியிருப்பதன் நன்மைகளையும் நிறுத்துப் பார்த்து, ஆளுக்கு ஆள், நிலைக்கு நிலை தீர்ப்பு மாறுபடும் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

விலகல் என்பது வெறுந்தனிமையாகிவிடவும் கூடாது. பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நான்கும் பழைய வழிக்கு இழுக்கும் கயிறுகளென்று அனுபவசாலிகள் சொல்வர். கஅபு இப்னு மாலிக் (ரலி) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். தபூக் போருக்குச் செல்லாமல் பின்தங்கியதற்காக ஐம்பது நாட்கள் அவர்களோடு யாரும் பேசவில்லை. பூமியே சுருங்கிப்போன அந்த நாட்களில் ஒருவன் கஸ்ஸான் மன்னனின் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறான்: எங்களிடம் வாருங்கள், ஆறுதல் தருகிறோம் என்னும் கருத்தில். கஅபு (ரலி) அவர்கள் இதுவும் ஒரு சோதனைதானென்று உணர்ந்து கடிதத்தை அடுப்பில் போட்டு எரித்தார்கள். பத்திரப்படுத்தி வைத்துப் பிறகு யோசிக்கலாமென்று விடவில்லை. மனம் மிகமிகத் தளர்ந்திருக்கும் வேளையில்தான் அந்த மாதிரிக் கடிதம் வரும். நம் காலத்தில் அது செல்போனில் வருகிறது, "எங்கேடா இருக்கே?" என்ற இரண்டு சொல் போதும். மகன் எண்ணை மாற்றியது அந்த அடுப்பின் காரியமே.

விட்ட வேகத்தில் சிலர் மறுபக்கம் வரம்பு மீறுவதையும் காண்கிறோம். இரவெல்லாம் தஹஜ்ஜுத், பகலெல்லாம் நஃபில் நோன்பு, ஆயிரக்கணக்கில் திக்ர். மூன்று வாரத்தில் உடல் ஓய்ந்து, மனம் சலித்து, ஒரேயடியாக விழுகிறார்கள். ஸல்மான் (ரலி) அவர்கள் தம் தோழர் அபுத்தர்தா (ரலி) அவர்களை இரவில் தூங்கச் சொல்லி, உடலுக்கும் வீட்டாருக்கும் உரிமையுண்டென்று உணர்த்தியதும், அதை நாயகம் (ஸல்) அவர்கள் உண்மைப்படுத்தியதும் இவர்களுக்குத்தான் முதலில் ஓதிக்காட்டப்படவேண்டும். ஐவேளைத் தொழுகை, வயிறார உணவு, நேரத்துக்குத் தூக்கம். முதல் சில மாதங்களுக்கு இது நிறைவான இபாதத். மருந்துண்ணும் காலத்தில் ரமளான் வந்தால் வைத்தியரைக் கேட்டு நடக்கட்டும். நோயாளிக்குத் திருமறையே சலுகை அளித்திருக்கிறது.

ஜமாஅத்தாருக்கும் ஒரு வேலி வேண்டும். திருந்திய ஒருவரை ஜும்ஆவுக்குப் பின் எழுப்பி நிறுத்தி, "எப்படியெல்லாம் குடித்தேன்" என்று சொல்லவைக்கும் வழக்கம் சில ஊர்களில் தலைகாட்டுகிறது. அல்லாஹ் மறைத்த பாவத்தைத் தானே பகிரங்கப்படுத்துவது கடுமையாக எச்சரிக்கப்பட்டதாயிற்றே! கேட்டவர்கள் பெண் கேட்கப் போகும் இடத்திலெல்லாம் அதைச் சொல்லித் திரிவார்கள். அவன் பிள்ளைகள் மதரஸாவில் ஏச்சுக் கேட்கும். "அப்படியானால் வைத்தியரிடமோ, விட்டவர்கள் கூடிப் பேசும் கூட்டத்திலோ சொல்வதும் கூடாதோ?" எனில், அது வேறு. நோயைக் காட்டாமல் மருந்து பெறமுடியாது. 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தோன்றிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் கூட்டமைப்பு இன்று தமிழ்நாட்டிலும் தமிழிலேயே கூடுகிறது. பெயரை வெளியிடாமை அதன் அடிப்படை விதி. பிறர் குறையை மறைத்தல் என்று நாம் ஓதிவரும் பண்பை அவர்கள் தங்கள் வழியில் கடைப்பிடிக்கிறார்கள். பெருமைக்காகவோ வேடிக்கைக்காகவோ பாவத்தைப் பறைசாற்றுவதும், பரிகாரத்துக்காக அந்தரங்கமாகச் சொல்வதும் ஒன்றாகா.

மனைவிமாரைப் பற்றிச் சொல்லாமல் இது முழுமை பெறாது. "ஸப்ரு செய்" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாம் அவர்களுக்கு இழைத்த அநீதி கொஞ்சநஞ்சமன்று. அவள் அவனுடைய காவல்காரி அல்லள். தினமும் வாயை முகர்ந்து பார்ப்பதும், தூங்கும்போது சட்டைப்பையைத் துழாவுவதும் இருவர் மனத்தையும் நோயாக்கும். துருவி ஆராய்வதைத் திருமறை தடுத்திருக்கிறது. மாறாக, இன்னின்னதை நான் செய்வேன், இன்னின்னதைச் செய்யமாட்டேன் என்று நிதானமாயிருக்கும் வேளையில் முன்கூட்டிச் சொல்லிவிடட்டும். குடிக்கப் பணம் தரமாட்டேன். குடித்துவிட்டு வேலைக்குப் போகவில்லையானால் முதலாளியிடம் காய்ச்சலென்று பொய் சொல்லமாட்டேன். உன் கடைக் கடனை என் நகையை விற்று அடைக்கமாட்டேன். கை நீட்டினால் பிள்ளைகளோடு தாய்வீடு போய்விடுவேன். இது கணவனுக்கு மாறுசெய்தலாகாது, பாவத்துக்கு உதவமறுத்தல். அடி தாங்குவது ஸப்ரு அன்று. 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் நம் பெண்களுக்கும் உரியதே. 181 என்ற எண்ணில் எந்நேரமும் உதவி கேட்கலாம். குலஉ, ஃபஸ்கு என்னும் வாசல்களை ஷரீஅத்து திறந்தே வைத்திருக்கிறது. குடிப்பவரின் குடும்பத்தார் தங்களுக்குள் கூடி மனச்சுமையை இறக்கிக்கொள்ளும் அல்-அனான் என்ற அமைப்பு 1951-லேயே தோன்றியது. நம் பெண்கள் மதரஸாக்களில் அத்தகைய ஓர் அமர்வை மாதமொருமுறை நடத்தினால் எவ்வளவோ வீடுகளில் மூச்சு விடுவார்கள்.

கடைசியாக, விட்டவன் மறுபடி விழுந்தால்? விழக்கூடும். நிதானத்தோடு இருந்த மூன்று மாதம் அதனால் பொய்யாகிவிடாது. நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் அப்துல்லாஹ் என்றொருவர் இருந்தார், அவர்களைச் சிரிக்கவைப்பவர். குடித்ததற்காகத் தண்டனை பெற்றவர், மறுபடியும் கொண்டுவரப்பட்டார். கூட்டத்தில் ஒருவர், எத்தனை தடவைதான் இவன் கொண்டுவரப்படுகிறான் என்று சபித்தார். சபிக்கவேண்டாமென்று தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவனுடைய ரஸூலையும் நேசிப்பவர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சாட்சி சொன்னார்கள். இது புகாரியில் உள்ள செய்தி. தண்டனையும் நடந்தது, சாபமும் தடுக்கப்பட்டது. நாமோ தண்டனை கொடுக்க அதிகாரமற்றவர்கள். சாபத்தை மட்டும் தாராளமாகக் கொடுக்கிறோம்.

விழுந்தவன் வெட்கத்தால் பள்ளிக்கு வரமாட்டான். மஃரிபு வரிசையில் அவன் இடம் இரண்டு நாள் காலியாயிருந்தால் இமாம் ஸாஹிப் கவனிக்கட்டும். மூன்றாம் நாள் இரண்டு பேர் போகட்டும். இரண்டே பேர், ஊர்வலம் வேண்டாம். அவர்களில் ஒருவர், முன்பு குடித்து இப்போது விட்டவராயிருந்தால் மிக நல்லது. வீட்டு வாசலில் நின்று "மறுபடியுமா?" என்று கேட்கவேண்டாம். சாப்பிட்டாயா என்று கேட்கட்டும். கைநடுக்கம் இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகட்டும். இல்லையென்றால் உளூச் செய்யச் சொல்லி, கடையில்லாத தெருவழியாக இஷாவுக்கு உடன் நடந்து வரட்டும்.